புல்லின் இனத்தைக் கம்ப்யூட்டரில் கண்டறியலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் என்ன செய்வோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடிதம் டைப் செய்வோம், வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், சீட்டு விளையாடுவோம். இன்டர்நெட் இணைப்பு வந்தவுடன் மெயில், படம், பாட்டு. இந்த மாதம் கொஞ்சம் மாறுதலாக ஒரு வேலை செய்யலாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும் இரண்டு புற்கள் ஒரே இனமா, வேறு வேறா என்பதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள் என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கப் போகிறோம். இதற்குப் பணம் கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். நோட்பேட், எக்ஸெல், ஒரு பிரவுசர் இருந்தால் போதும்.

புல்லுக்குப் போய் இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்காதீர்கள். போடிநாயக்கனூர் என்றவுடன் நமக்கு ஏலக்காய் நினைவுக்கு வரும். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் 2007ல் மின்னணு முறைக்கு மாறியது. அதன் பிறகு திரையைப் பார்த்து விலை கேட்பது அங்கே பழகிப் போன காட்சி. ஏலச் செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். (நீண்ட இலையைப் பார்த்து அதனைப் புல் என்று நினைத்துவிட வேண்டாம். அது இஞ்சிக் குடும்பம்.) மரம் இல்லாத, வெயில் காயும் சரிவில் ஏலம் வராது. அப்படிப்பட்ட சரிவில் என்ன போடலாம் என்று விசாரிப்பவர்களுக்குச் சொல்லப்படும் பயிர்களில் எலுமிச்சைப்புல்லும் ஒன்று. மலைக்கு மறுபக்கம் மறையூர், சின்னாறு பகுதிகளில் மலைவாழ் மக்கள் இந்தப் புல்லைக் காய்ச்சிப் புல் தைலம் எடுப்பது வழக்கம். கேரளத்தில் ஓடக்காலி என்ற ஊரில் 1951ல் எலுமிச்சைப்புல்லுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சுகந்தி என்ற பெயரில் பரவிய ஓ.டி.19 ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

சிக்கல் எங்கே?

எலுமிச்சைப்புல் என்பது ஒரே புல் அல்ல. சிம்போபோகன் என்ற பேரினத்தில் சுமார் 50 இனங்கள் உள்ளன. நம் மலைகளுக்கு உரியது சிம்போபோகன் பிளெக்சுவோசஸ். இதனைக் கிழக்கிந்திய எலுமிச்சைப்புல் என்பார்கள். வீட்டுத் தோட்டங்களில் டீக்காக வைக்கும் சிம்போபோகன் சிட்ரேட்டஸ் மேற்கிந்திய வகை. இரண்டிலும் சிட்ரால் என்ற பொருள்தான் எலுமிச்சை மணம் தருகிறது. அடுத்து சிட்ரோனெல்லா புல். இலங்கையில் இதிலேயே லேனபட்டு, மஹபெங்கிரி என்று இரண்டு வகை சொல்வார்கள். முன்னது சிம்போபோகன் நார்டஸ், பின்னது சிம்போபோகன் வின்டரியானஸ். பிறகு ரோஜா மணம் தரும் பாமரோசா. அதிலும் மோதியா, சோபியா என்று இரண்டு உட்பிரிவுகள். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் எண்ணெயின் தரத்தில் மோதியாதான் உயர்ந்தது.

இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சையா, சிட்ரோனெல்லாவா, ரோஜாவா என்பது பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரே மணம் உள்ள இரண்டை மூக்கு பிரித்துச் சொல்லாது. பூ வந்தால் தாவரவியல் அறிஞர்கள் பார்த்துச் சொல்வார்கள். மேற்கிந்திய வகையோ பூப்பதே அரிது. நடவுக்கு வருவது பெரும்பாலும் வேரோடு பிரித்த தூர். அதில் பூவும் இருக்காது, கதிரும் இருக்காது. நட்டு மூன்று மாதம் கழித்து முதல் அறுப்பு. அதைக் காய்ச்சி எண்ணெயைச் சோதித்த பிறகுதான் வாங்கியது வேறு புல் என்பது தெரிய வரும். ஒரு முறை நட்டால் நான்கைந்து ஆண்டுகள் நிலத்தில் நிற்கும் பயிர் இது. ஆகவே தூர் வாங்கும்போதே இனம் தெரிந்தாக வேண்டும்.

டி.என்.ஏ. என்றால் ஒரு டெக்ஸ்ட் பைல்

செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. நான்கே எழுத்துக்களால் ஆன மிக நீளமான வரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏ, டி, ஜி, சி என்பவை அந்த எழுத்துக்கள். ஆய்வுக்கூடத்தில் இந்த வரியின் ஒரு பகுதியைப் படித்து எழுத்துக்களாகத் தந்துவிட்டால் அதன் பிறகு அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறக்கலாம், காப்பி செய்யலாம், மெயிலில் அனுப்பலாம். இரண்டு புற்களின் ஒரே பகுதியைக் கீழே தந்துள்ளேன். பழகுவதற்காக அமைத்த எடுத்துக்காட்டு இது.

புல் 1: ஏ டி டி ஜி சி ஏ ஜி டி சி ஏ
புல் 2: ஏ டி டி ஜி சி ஏ ஏ டி சி ஏ

ஏழாவது எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. ஓர் இனத்தில் எல்லாச் செடிகளிலும் அந்த இடத்தில் ஜி இருந்து, அடுத்த இனத்தில் எல்லாவற்றிலும் ஏ இருந்தால் அந்த இடம் நமக்கு ஓர் அடையாளம். இதைத்தான் டி.என்.ஏ. மார்க்கர் என்கிறார்கள். முழு வரியையும் படிக்கத் தேவையில்லை. எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

அந்த இடத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? 1983ல் கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறைதான் வழி. 1993ல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேவையான பகுதியை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காக்குவது இதன் வேலை. எக்ஸெலைத் திறந்து ஒரு கட்டத்தில் =2^30 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 107 கோடிக்கு மேல் வரும். 30 சுற்றில் ஒரு துண்டு அத்தனை பிரதிகளாகப் பெருக முடியும். ஒரு சிறு இலைத் துண்டு போதும் என்று அவர்கள் சொல்வதன் ரகசியம் இதுதான்.

முதல் பயிற்சி: வரியை எடுத்து வாருங்கள்

உலகெங்கும் படிக்கப்பட்ட டி.என்.ஏ. வரிகள் ஜீன்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்கின்றன. 1982ல் தொடங்கியது. இப்போது அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நிறுவனம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக்கூடக் கேட்பதில்லை.

கூகுளில் என்.சி.பி.ஐ. நியூக்ளியோடைட் என்று ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடி அந்தத் தளத்திற்குச் செல்லுங்கள். மேலே உள்ள தேடல் கட்டத்தில் சிம்போபோகன் பிளெக்சுவோசஸ் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு மேட்-கே என்பதையும் (மேட் என்பதற்குரிய மூன்று எழுத்துக்கள், ஒட்டியபடியே கே) சேர்த்து என்டர் தட்டுங்கள். ஒரு பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு தலைப்பிலும் அந்த வரியின் நீளம் இருக்கும். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் எழுத்து அளவில் இருப்பது பசுங்கணிகத்தின் முழு வரி, அதைத் தொட வேண்டாம். சில நூறிலிருந்து ஆயிரத்து சொச்சம் எழுத்து உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே பாஸ்டா என்ற லிங்க் இருக்கும். அதில் கிளிக் செய்யுங்கள்.

இப்போது திரையில் வருவதுதான் பாஸ்டா பார்மட். முதல் வரி > என்ற குறியுடன் தொடங்கிப் பெயரைச் சொல்லும். அடுத்த வரியிலிருந்து எழுத்துக்கள். முழுவதையும் மவுஸால் தேர்வு செய்து கண்ட்ரோல் + சி அழுத்துங்கள். நோட்பேடைத் திறந்து கண்ட்ரோல் + வி. பிறகு புல்1 என்பது போல ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். வேர்டில் சேவ் செய்ய வேண்டாம். வேர்ட் தன் சொந்தச் சங்கதிகளையும் பைலுக்குள் சேர்த்து வைக்கும். இந்தத் தளங்களுக்கு வெறும் டெக்ஸ்ட் பைல்தான் பிடிக்கும்.

இரண்டாம் பயிற்சி: பிளாஸ்ட்

இணையத்தில் ஒரு சொல்லைத் தேட கூகுள் இருப்பதுபோல டி.என்.ஏ. வரியைத் தேடுவதற்கு பிளாஸ்ட் இருக்கிறது. ஸ்டீபன் ஆல்ட்சுல் உள்ளிட்ட ஐந்து பேர் 1990ல் வெளியிட்டது. கூகுளுக்கு மூத்தது!

என்.சி.பி.ஐ. தளத்தில் பிளாஸ்ட் பக்கத்திற்குச் சென்று நியூக்ளியோடைட் பிளாஸ்ட் என்ற பெட்டியில் கிளிக் செய்யுங்கள். மேலே ஒரு பெரிய கட்டம் இருக்கும். நோட்பேடில் உள்ளதை அப்படியே அதில் பேஸ்ட் செய்யுங்கள். மற்ற ஆப்ஷன்கள் இருக்கிறபடியே இருக்கட்டும். கீழே போய் பிளாஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சில விநாடிகளோ சில நிமிடங்களோ ஆகலாம். திரை தானாகவே மாறும். பொறுமையில்லாமல் மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குத்தான் போவீர்கள்.

முடிவு ஓர் அட்டவணையாகக் கிடைக்கும். புதியவர்கள் மூன்று தலைப்புகளை மட்டும் கவனித்தால் போதும். குவரி கவர் என்பது நீங்கள் கொடுத்த வரியில் எத்தனை சதவீதம் ஒப்பிடப்பட்டது என்பது. பெர் ஐடென்ட் என்பது ஒப்பிட்ட பகுதியில் எத்தனை சதவீதம் எழுத்துக்கள் ஒத்துப் போகின்றன என்பது. ஈ வேல்யூ என்பது தற்செயலாக இப்படி ஒத்துப் போக எவ்வளவு வாய்ப்பு என்பது. இது பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. முதல் இரண்டையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள். 100 சதவீதம் ஒத்தது என்று பார்த்து மகிழ்ந்த பிறகு, ஒப்பிட்டதே பாதி வரியைத்தான் என்று தெரிந்தால் அந்த 100க்கு மதிப்பில்லை. 600 எழுத்து முழுவதும் ஒப்பிடப்பட்டு 99.5 சதவீதம் என்றால் மூன்று எழுத்துக்கள் மாறியுள்ளன என்று அர்த்தம். எந்த மூன்று என்று பார்க்க அலைன்மென்ட்ஸ் என்ற டேபில் கிளிக் செய்யுங்கள். ஒத்த எழுத்துக்களுக்கு நடுவே சிறு கோடு இருக்கும். மாறிய இடத்தில் கோடு இருக்காது.

நாம் கொடுத்தது ஜீன்பேங்கில் இருந்தே எடுத்த வரி. எனவே பட்டியலில் அதுவே திரும்பி வரும். அதில் ஆச்சரியம் இல்லை.

முதல் பெயர்தான் விடையா?

இங்கேதான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பட்டியலில் முதலில் உள்ள பெயரை எழுதிக்கொண்டு, இதுதான் நம் புல் என்று விண்டோவை மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்குங்கள். இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது பெயர்களுக்கும் அதே சதவீதம் இருக்கிறதா? இருந்தால் அவை எல்லாமே விடைதான். எது மேலே வருகிறது என்பதற்கு அப்போது பொருளே இல்லை. மேட்-கே வரியை எடுத்தது போலவே ஆர்.பி.சி.எல். என்ற பகுதியையும் எடுத்து வந்து பிளாஸ்டில் கொடுத்துப் பாருங்கள். பல சிம்போபோகன் இனங்கள் ஒரே சதவீதத்தில் வரிசையாக நிற்கும். சில சமயம் பக்கத்துப் பேரினப் புற்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

ஏன் இப்படி? கடையில் பொருளின் மீது பார்கோடு இருப்பதுபோல உயிர்களுக்கும் ஒரே இடத்தில் அடையாளம் பார்க்கலாம் என்று 2003ல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் சொன்னார்கள். விலங்குகளுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நன்றாகவே வேலை செய்தது. செடிகளில் அது சரிவரவில்லை. செடிகளுக்கு ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று 2009ல் ஒரு சர்வதேசக் குழு பரிந்துரைத்தது. அந்தக் குழு தந்த கணக்குப்படியே இந்த இரண்டும் சேர்ந்து இனத்தைச் சரியாகப் பிரித்தது 72 சதவீத நேரம்தான். மற்றவற்றில் உறவுக்கார இனங்களின் கூட்டம் வரை கொண்டுபோய் விட்டது, அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. தெரு சரி, வீட்டு எண் தெரியவில்லை என்பது போல. நமக்கு வேண்டியதோ வீட்டு எண்.

ஆர்.பி.சி.எல். என்பது ஒளிச்சேர்க்கைக்கு அவசியமான ஒரு புரதத்தை உண்டாக்கும் பகுதி. அதில் எழுத்து மாறினால் செடிக்கே ஆபத்து என்பதால் மாற்றங்கள் மெதுவாகத்தான் சேரும். சமீபத்தில் பிரிந்த இனங்களுக்கு இடையே ஒரு மாற்றமும் இல்லாமல் இருக்கலாம். மேட்-கே சற்று வேகமாக மாறும். உட்கரு டி.என்.ஏ.வில் உள்ள ஐ.டி.எஸ். என்ற பகுதி அதைவிடவும் வேகம். எனவே நெருங்கிய உறவு உள்ள புற்களுக்கு ஐ.டி.எஸ். பகுதியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

கலப்பினம் இன்னொரு கண்ணி. சி.கே.பி.25 என்ற எலுமிச்சைப்புல் ரகம் காசியானஸ், பெண்டுலஸ் என்ற இரண்டு சிம்போபோகன் இனங்களைக் கலந்து ஜம்முவில் உருவாக்கப்பட்டது. இதன் ஆர்.பி.சி.எல்., மேட்-கே இரண்டையும் எத்தனை முறை படித்தாலும் ஒரு பெற்றோரின் பெயர்தான் வரும். அவை பசுங்கணிகத்தில் இருப்பவை. புற்களில் பசுங்கணிகம் தாய் வழியாகத்தான் வருகிறது. தகப்பன் யார் என்பது உட்கருவில்தான் இருக்கும். கலப்பினத்தின் ஐ.டி.எஸ். பகுதியைப் படிக்கும்போது பெரும்பாலும் சில இடங்களில் ஒரே நேரத்தில் இரண்டு எழுத்துக்கள் தெரியும். அதை மெஷின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது.

களஞ்சியத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அதில் வரிகளைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள். புல்லுக்குத் தவறான பெயர் வைத்து அனுப்பியிருந்தால் அந்தப் பெயரே அங்கே நிற்கும். பட்டியலில் உள்ள அக்சஷன் எண்ணில் கிளிக் செய்து முழுப் பதிவையும் பாருங்கள். ஸ்பெசிமன் வவுச்சர் என்று ஒரு வரி இருந்தால், அந்தச் செடியைக் காய வைத்து ஒட்டிய தாள் ஓர் உலர் தாவரக் காப்பகத்தில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம் என்று பொருள். அந்த வரி உள்ள பதிவுக்கு நான் அதிக மதிப்பு தருவேன்.

மூன்றாம் பயிற்சி: எக்ஸெலில் கோடுகள்

மோதியா, சோபியா போல ஒரே இனத்தின் உட்பிரிவுகளாக இருந்தால் ஒரு இடத்தைப் படித்துப் பயனில்லை. வரி முழுவதும் பரவிக் கிடக்கும் பல இடங்களைப் பார்க்க வேண்டும். 1990ல் வந்த ராப்டு என்ற முறை இதற்குப் பயன்பட்டது. பத்தே எழுத்து உள்ள ஒரு சிறு துண்டைப் போட்டு, அது எங்கெல்லாம் ஒட்டுகிறதோ அந்தப் பகுதிகளைப் பெருக்குவார்கள். கிடைத்த துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டால் நீளத்திற்கேற்பக் கோடு கோடாக நிற்கும். லக்னோவில் உள்ள சீமாப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 19 சிம்போபோகன் புற்களை எடுத்து, எண்ணெயில் உள்ள பொருட்கள், ராப்டு கோடுகள் என்று இரண்டு வழியிலும் ஒப்பிட்டு 2005ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எக்ஸெலில் ஏ காலத்தில் கோட்டின் எண், பி காலத்தில் முதல் புல், சி காலத்தில் இரண்டாவது புல். கோடு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இரண்டாவது வரிசையிலிருந்து ஒன்பதாவது வரிசை வரை எட்டு கோடுகள். முதல் புல்லுக்கு 1, 1, 1, 1, 1, 1, 1, 0 என்றும், இரண்டாவதற்கு 1, 1, 1, 1, 1, 0, 0, 1 என்றும் கொடுங்கள். (இங்கே சி, டி என்பவை எக்ஸெல் காலத்தின் பெயர்கள். டி.என்.ஏ. எழுத்துக்களோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்.) டி2 கட்டத்தில் =பி2*சி2 என்று ஆங்கில எழுத்துக்களில் கொடுத்து, கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி9 வரை இழுங்கள். இரண்டு புல்லிலும் கோடு இருந்தால் மட்டும் அங்கே 1 வரும். பத்தாவது வரிசையில் ஆட்டோசம் பட்டன் மூலம் மூன்று காலங்களையும் கூட்டுங்கள். 7, 6, 5 என்று கிடைக்கும். கடைசியாக ஒரு காலிக் கட்டத்தில் =டி10/(பி10+சி10-டி10) என்று கொடுங்கள். விடை 0.625. இரண்டுக்கும் பொதுவான கோடுகளை, இரண்டில் ஏதாவது ஒன்றிலாவது உள்ள மொத்தக் கோடுகளால் வகுத்திருக்கிறோம். ஜக்கார்டு எண் என்று இதற்குப் பெயர். 1ஐ நெருங்கினால் நெருங்கிய உறவு.

ராப்டு முறையில் ஒரு குறை உண்டு. வெப்பமோ ரசாயனமோ சற்று மாறினால் கோடுகளும் மாறும். ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த கோடு அடுத்ததில் கிடைக்காமல் போகலாம். அதனால் ஒரு இனத்திற்கு மட்டுமே உரிய கோட்டைக் கண்டதும், அந்தத் துண்டை முழுவதும் படித்து, அதை மட்டும் பிடிக்கும் நீண்ட துண்டுகளைத் தயாரிப்பார்கள். இது ஸ்கார் முறை. மூங்கிலும் புல் குடும்பம்தான். பல மூங்கில்கள் பூக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவரை காத்திருந்து யார் இனம் பார்ப்பது? கொல்கத்தா போஸ் நிறுவனத்தினர் 2005ல் பால்கூவா, துல்டா என்ற இரண்டு மூங்கில்களுக்கு ஸ்கார் மார்க்கர் கண்டார்கள். இன்னொரு வழி எஸ்.எஸ்.ஆர். ஜிஏ ஜிஏ ஜிஏ என்று ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பார்ப்பது. ஒரு புல்லில் 12 முறை, இன்னொன்றில் 15 முறை என்றால் துண்டின் நீளத்தில் ஆறு எழுத்து வித்தியாசம் வரும். உட்பிரிவுகளையும் ரகங்களையும் பிரிக்க இது ராப்டுவை விட நம்பகமானது.

உங்கள் புல்லைச் சோதிக்க வேண்டுமானால்

எழுத்துக்களைப் படிப்பது வீட்டில் நடக்காது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் போன்ற இடங்களில் டி.என்.ஏ. பார்கோடிங் செய்கிறார்கள். அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இளம் இலையைத் துடைத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிலிகா ஜெல் போட்ட ஜிப் கவரில் வைத்தால் ஈரம் வாங்கிக் காய்ந்துவிடும். புது ஷூ பெட்டியில் வருமே, அதே சிலிகா ஜெல்தான். ஒரு கவரில் ஒரு தூரின் இலை மட்டும். பத்துத் தூரைக் கலந்து ஒரே கவரில் போட்டால் எந்த மெஷினும் பிரித்துத் தராது. அதே தூரை ஒரு தொட்டியில் நட்டு எண் எழுதி வையுங்கள். விடை வரும்போது அது எந்தப் புல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எந்தெந்தப் பகுதியைப் படிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஆர்.பி.சி.எல். மட்டும் என்றால் எலுமிச்சைப்புல் விஷயத்தில் அது போதாது, ஐ.டி.எஸ். வேண்டும் என்று சொல்லுங்கள். முடியுமானால், இனம் உறுதியாகத் தெரிந்த ஒரு தூரின் இலையையும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்று உடன் அனுப்புங்கள். களஞ்சியத்தில் உள்ள நூறு வரிகளைவிட அந்த ஒன்று உங்களுக்கு அதிகம் உதவும்.

முடிவு வரும்போது இனத்தின் பெயர் எழுதிய தாள் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஏபி1 என்று முடியும் பைல்களையும் கேட்டு வாங்குங்கள். இவை மெஷின் பதிவு செய்த மூலப் பைல்கள். நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது. மெகா என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். சுதிர் குமார், கொய்ச்சிரோ தமுரா, மசாதோஷி நெய் மூவரும் 1993ல் முதல் பதிப்பை வெளியிட்ட சாப்ட்வேர் இது. அதில் ஏபி1 பைலைத் திறந்தால் நான்கு நிறங்களில் அலை அலையாகக் கோடுகள் தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் அலைகள் கலங்கி இருக்கும். அந்த எழுத்துக்களை வெட்டி விடுங்கள். நடுவே ஒரே இடத்தில் இரண்டு நிற அலைகள் சம உயரத்தில் நின்றால் அதை வெட்டாமல் குறித்து வையுங்கள், கலப்பினமா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டிய இடம் அது. மீதியை பாஸ்டா பைலாக சேவ் செய்து, இரண்டாம் பயிற்சியில் சொன்னபடி பிளாஸ்டில் கொடுங்கள். ஏபி1 பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து கொள்ளுங்கள். களஞ்சியத்தில் புதிய வரிகள் சேர்ந்துகொண்டே இருப்பதால், இன்று பத்து இனங்களோடு ஒத்துப்போன அதே வரியை அடுத்த ஆண்டு மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம்.